என் மகள் ஏன் கட்டடக்கலை படிக்க விரும்புகிறாள்?

(எமது வானொலியின் மாதாந்த உரை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



மாதத்தில் ஒருமுறை இந்த நேரத்தில் நான் உங்களோடு கதைப்பது பெரும்பாலும் வருமான வரி, வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்விச் சேமிப்பு போன்ற விடயங்களைப் பற்றித்தான். கணக்காளன் ஒருவனிடம் நீங்கள் எதிர்பார்ப்பதும் அதுவே. வரி கட்டும் காலம் முடிந்து எல்லோரும் சற்று மூச்சு விடுகிற நேரம் இது. அதனால் இன்று என் வீட்டில் நடந்த ஒரு கதையைச் சொல்ல அனுமதி கேட்கிறேன். இதிலும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நான் பிழையாகப் போட்டிருந்தேன் என்பதுதான் கதை.

சென்ற வருடம் இலையுதிர் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மகள் மேசையை விட்டு எழும்பாமல் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற காலம். “அப்பா, நான் கட்டடக்கலை படிக்கப் போறன்” என்றாள். கேட்கவில்லை, அறிவித்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்ராறியோவில் ஒருவர் கட்டடக் கலைஞர் என்று தன்னை அழைத்துக்கொள்ள முதலில் நான்கு வருட இளங்கலைப் படிப்பு. அதன்மேல் இரண்டு முதல் மூன்றரை வருடம் முதுகலைப் படிப்பு. பிறகு 3,720 மணித்தியாலத் தொழிற்பயிற்சி. வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்று வைத்தாலும் 93 வாரம். அதோடு பரீட்சையும் எழுதவேண்டும். இவ்வளவையும் முடித்து வருகிறபோது அவளோடு கணக்கியல் படித்த பிள்ளைகள் பல வருடம் உழைத்திருப்பார்கள். தாளின் அடியில் இரட்டைக் கோடு போட்டு அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

அவள் தாளைப் பார்த்தாள். “கூட்டல் சரி அப்பா” என்று சொல்லிவிட்டு மேலே தன் அறைக்குப் போய்விட்டாள்.

என் மனதில் இருந்த உண்மையான காரணம் அந்தத் தாளில் இருக்கவில்லை. அதை உங்களிடம் சொல்லலாம். உங்களில் பலருக்கு அது புதிதாகவும் இராது.

என் அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்தவர். அம்மாவின் சீதனக் காணியில், வலிகாமம் வடக்கில், அவர் ஒரு வீடு கட்டினார். ஒரேயடியாகக் கட்டவில்லை. கிளாக்கர் சம்பளத்தில் அப்படிக் கட்ட முடியாது. முதலில் அத்திவாரமும் இரண்டு அறையும். இரண்டு வருடம் கழித்து விறாந்தை. பிறகு குசினி. ஓடு போட்டது நான் பிறந்த பிறகு. உள்ளே சிவப்புச் சீமெந்து நிலம் இழுத்தது நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு. பதினொரு வருடம் அந்த வீடு வளர்ந்தது. 1990 ஜூனில் ஷெல் அடி தொடங்கியபோது நாங்கள் ஒரு பின்னேரத்தில் அதை விட்டு வெளிக்கிட்டோம். பதினொரு வருடம் கட்டிய வீட்டை விட ஒரு மணித்தியாலம் போதுமாக இருந்தது. அதன்பிறகு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. அப்பா இணுவிலில் ஒரு வாடகை வீட்டில் 2003 இல் காலமானார். தன் வீட்டை அவர் மறுபடி காணவில்லை.

எங்கள் தலைமுறை இதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டது. வீடு, காணி, கடை எல்லாவற்றையும் பறிக்கலாம். படிப்பைப் பறிக்க முடியாது. அதிலும், எந்த நாட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய படிப்பாக இருக்கவேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்ததும் இங்கே வந்து இரவில் வேலை செய்துகொண்டு கணக்காளர் பரீட்சைகளை எழுதியதும் இந்த எண்ணத்தில்தான். பற்று, வரவு எந்த நாட்டிலும் ஒன்றுதான். கட்டடம் அப்படியல்ல. அது நிலத்தில் ஊன்றி நிற்பது. அதை நம்பி என் பிள்ளை வாழ்க்கையைக் கொடுப்பதா என்பதுதான் என் பயம்.

ஜனவரியில் விண்ணப்பம் போடவேண்டும். கட்டடக்கலை படிக்க விரும்பும் பிள்ளைகளிடம் புள்ளிகளோடு சேர்த்து, தாங்கள் வரைந்தவற்றையும் ஒரு சிறு கட்டுரையையும் கேட்கிறார்கள். ஏன் இதைப் படிக்க விரும்புகிறாய், எந்தக் கட்டடங்கள் உன்னைத் தூண்டின என்று எழுதவேண்டும். மகள் பாரிஸைப் பற்றியோ ரோமாபுரியைப் பற்றியோ எழுதுவாள் என்று நினைத்தேன். ஒருநாள் இரவு அச்சடித்த இரண்டு தாளை என் கணினிக்குப் பக்கத்தில் வைத்து, “ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, கணக்குப் பிழை இருந்தா மட்டும் சொல்லுங்கோ” என்றாள்.

முதல் வரியிலேயே ஸ்காபரோ நகர மண்டபம் இருந்தது.

நேயர்களே, உங்களில் எத்தனை பேர் அந்த இடத்துக்குப் போயிருப்பீர்கள்! ஸ்காபரோ ரவுன் சென்ரருக்குப் பக்கத்தில் நிற்கிற வெள்ளைக் கட்டடம். கலியாண அனுமதிப் பத்திரம் எடுக்க நானும் மனைவியும் 1999 இல் அங்கே போனோம். குளிர்காலத்தில் வெளியே உள்ள சதுக்கத்தில் பிள்ளைகளைச் சறுக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வரிசையில் நின்றிருக்கிறேன், படிவம் நிரப்பியிருக்கிறேன். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

மகளின் கட்டுரையை வாசித்த பிறகு ஒரு வேலைநாள் மத்தியானம் அவளோடு போனேன். உள்ளே போனதும், “இப்ப மேல பாருங்கோ” என்றாள். நடுவிலே கூரை வரைக்கும் திறந்த ஒரு பெரிய கூடம். அதைச் சுற்றி ஒவ்வொரு மாடியும் மாடம் மாடமாக வளைந்து போகிறது. மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. மாடிகளில் அலுவலர்கள் வேலை செய்வதைக் கீழே நிற்கிற எவரும் பார்க்கலாம். “அப்பா, எங்கட ஊரில கச்சேரி எப்பிடி இருக்கும்?” என்று கேட்டாள். நீண்ட நடை, மூடிய கதவுகள், கதவுக்கு வெளியே ஒரு பியூன், அவருக்கு முன்னால் கும்பிட்டபடி நிற்கிற சனம் என்று சொன்னேன். “இஞ்ச ஒளிக்க இடமில்லை” என்றாள். “அரசாங்கத்தை ஆக்கள் பாக்கலாம் எண்டு நினைச்சு ஒராள் கீறியிருக்கிறார்.”

அந்த ஆளின் பெயர் ரேமண்ட் மொரியாமா. 1973 இல் இரண்டாம் எலிசபெத் மகாராணி திறந்துவைத்த கட்டடம் அது. ஸ்காபரோவில் தமிழ்க் கடை எதுவும் இல்லாத காலம். பெயரைக் கேட்டதும் யப்பானியர் என்று விளங்கியது. அவர் எப்படிப்பட்டவர் என்று மகள் சொல்லத்தான் தெரிந்துகொண்டேன். அதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இன்று இந்த உரை.

மொரியாமா 1929 இல் வன்கூவரில் பிறந்த கனேடியர். நான்கு வயதில் அவருக்குப் பெரிய தீக்காயம் ஏற்பட்டது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அந்த நாட்களில் யன்னலுக்கு வெளியே ஒரு கட்டடம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். வரைபடத்தோடு அங்கே வந்து போகிற ஒரு மனிதரைக் கண்டு, அவர் கட்டடக் கலைஞர் என்று அறிந்து, தானும் அப்படி ஆகவேண்டும் என்று முடிவு செய்தாராம். ஏன் கட்டடக்கலை படிக்க விரும்புகிறாய் என்ற கேள்விக்கு அவர் வாழ்நாள் முழுவதும் சொன்ன பதில் இந்த யன்னல்தான்.

அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, 1942 இல், கனேடிய அரசாங்கம் மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வம்சத்தவர் எல்லோரையும் வெளியேற்றியது. ஏறக்குறைய 22,000 பேர். பெரும்பாலானவர்கள் இந்த நாட்டுப் பிரசைகள். மொரியாமாவின் தகப்பனார் ஒன்ராறியோவில் ஒரு போர்க்கைதிகள் முகாமுக்கு அனுப்பப்பட்டார். தாயும் பிள்ளைகளும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளுக்கு நடுவே சுலோக்கன் என்ற பள்ளத்தாக்கில் இருந்த முகாமில். வெளியேற்றப்பட்டவர்களின் வீடுகள், கடைகள், மீன்பிடிப் படகுகள் எல்லாவற்றையும் அரசாங்கம் அவர்களின் சம்மதம் இல்லாமலே விற்றது. விற்ற பணத்திலிருந்து அவர்களுடைய முகாம் செலவையே கழித்தது. முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். இப்படி ஒரு பற்றெழுதலை நான் கண்டதில்லை. யுத்தம் 1945 இல் முடிந்தும், 1949 ஏப்ரல் வரை அவர்கள் கரைப்பக்கம் திரும்ப முடியவில்லை. 1988 இல்தான் கனேடிய அரசாங்கம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 21,000 டொலர் கொடுத்தது.

அந்த முகாமில் பொதுக் குளியலறைதான். தீக்காயத் தழும்பைப் பார்த்து மற்றவர்கள் பரிகசித்ததால் சிறுவன் மொரியாமா ஆற்றில் போய்க் குளித்தான். குளிக்கும்போது யாராவது வருகிறார்களா என்று பார்க்க ஒரு இடம் தேவைப்பட்டது. கிளைகளையும் கழிவுப் பலகைகளையும் பொறுக்கி, ஒரு மரத்தின்மேல் ஒளித்து ஒரு பரண் கட்டினான். அதுவே தன் முதல் கட்டடம் என்று பிற்காலத்தில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆற்றின் சத்தமும் மலையும் வானமும் அந்தப் பரணில் தனக்கு ஆறுதலாக இருந்ததையும் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தை வாசித்தபோது நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தது 1981 இல். அந்த வருடம் மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 97,000 புத்தகங்கள். சில கிழமைகளின் பின் அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வீதியில் நின்று காட்டினார். சுவர்கள் நின்றன, யன்னல்கள் கறுத்திருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து, நூலகவியல் அறிஞர் இரங்கநாதனின் ஆலோசனையோடு எழும்பி, 1959 இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. இந்த விபரமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கட்டடம் என்பது எரிக்கப்படுகிற பொருள் என்பதை மட்டும் விளங்கிக்கொண்டேன். அதே வயதில் இன்னொரு சிறுவன், இருந்த கடையும் வீடும் போன பிறகு, மரத்தில் ஏறிக் கட்டத் தொடங்கியிருக்கிறான்.

மகளின் கட்டுரையில் வேறு சில கட்டடங்களும் இருந்தன. எல்லாமே மொரியாமாவினுடையவை. எல்லாமே நாங்கள் கடந்து போகிறவை.

ஒன்ராறியோ விஞ்ஞான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 இல் திறந்தது. பள்ளிக்கூடப் பேருந்தில் எங்கள் பிள்ளைகள் போகாத வருடம் இல்லை. அந்த இடம் ஒரு பள்ளத்தாக்கின் ஓரம். பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கிக் கட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கட்டடத்தை மூன்றாகப் பிரித்து, மரங்களுக்கு மேலாகப் பாலம் போட்டு, சரிவோடு சேர்த்துக் கீழே இறக்கினார். மேலே வீதியில் நுழைந்து, காட்டுக்குள் இறங்கிப் போவோம். கூரைப் பலகைகள் பழுது என்று சொல்லி 2024 ஜூனில் மாகாண அரசு அதை மூடியபோது மகள் அழுதாள். ஒரு கட்டடத்துக்காக ஒரு பிள்ளை அழுவதா என்று நான் நினைத்தேன். பிறகு அப்பாவை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்தது வின்போர்ட் வீதியில் 1964 இல் திறந்த யப்பானிய கனேடியர் கலாசார நிலையம். மொரியாமா இளைஞராக இருந்தபோது செய்த வேலை. எல்லாவற்றையும் இழந்து ரொறன்ரோவுக்கு வந்து இருபது வருடம் ஆகாத ஒரு சமூகம், கடனுக்குப் பிணையாகப் பல குடும்பங்கள் தங்கள் வீடுகளை ஈடு வைத்துக் கட்டிய கட்டடம். ஒருமுறை வீட்டைப் பறிகொடுத்தவர்கள், இரண்டாவதாக வாங்கிய வீட்டைப் பொதுக் காரியத்துக்காக ஈடு வைத்திருக்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர் வந்து கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் நான் புத்தி சொல்லியிருப்பேன்.

பிறகு யங் வீதியில் உள்ள ரொறன்ரோ உசாத்துணை நூலகம், 1977. இதைப் பற்றி வாசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கணக்காளர் பரீட்சைக்கு நான் நான்கு வருடம் படித்த இடம் அது. அடித்தள வாடகை அறையில் ஐந்து பேர் இருந்தோம், படிக்க இடமில்லை. சனி, ஞாயிறுகளில் அந்த நூலகத்தின் நாலாம் மாடியில் ஒரு மேசை எனக்குச் சொந்தம் போல. நடுவில் திறந்த கூடம், சுற்றிலும் வளைந்த மாடங்கள், மேலிருந்து வெளிச்சம். நகர மண்டபத்தில் கண்ட அதே கை. இவ்வளவு பெரிய நூலகத்தில் ஒருவரும் என்னை “நீ ஆர், ஏன் வந்தாய்” என்று கேட்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதை அந்த இடத்தை வரைந்தவர் யோசித்து வைத்திருக்கிறார் என்பது மகள் சொல்லும்வரை தெரியாது.

கடைசியாக ஒட்டாவாவில் கனேடியப் போர் நூதனசாலை, 2005. தன்னையும் தன் குடும்பத்தையும் யுத்தத்தின் பேரால் அடைத்து வைத்த நாடு, தன் யுத்த நினைவுகளுக்கான இடத்தை வரையும் குழுவில் அவரை அழைத்தது. அவர் மறுக்கவில்லை. அங்கே நினைவு மண்டபத்தில் ஒரேயொரு யன்னல். நவம்பர் 11 ஆம் திகதி காலை 11 மணிக்கு, வெயில் இருந்தால், அதன் வழியாக வரும் சூரிய ஒளி பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறைக் கல்லின்மேல் விழும். மாவீரர், பொதுமக்கள், காணாமற்போனோர் என்று பெயர் தெரிந்தும் தெரியாமலும் எத்தனை பேரை நினைக்கவேண்டிய சமூகம் நாங்கள். ஒரு சுவரும் ஒரு யன்னலும் இதைச் செய்யும் என்று நான் யோசித்ததில்லை. மொரியாமா 2023 செப்டெம்பரில் தன் 93 ஆவது வயதில் காலமானார்.

கட்டுரையின் கடைசிப் பந்தி எங்கள் வீட்டைப் பற்றியது.

இதற்கு ஒரு சிறு முன்கதை உண்டு. 1990 இல் வெளிக்கிட்டபோது அப்பா எடுத்து வந்தவற்றில் ஒரு கொப்பியும் இருந்தது. வீடு கட்டிய கணக்குக் கொப்பி. எத்தனை பை சீமெந்து, எத்தனை ஓடு, மேசனுக்கு என்ன கூலி, பனஞ்சிலாகை என்ன விலை, கதவு எத்தனை, யன்னல் எத்தனை என்று பதினொரு வருடக் கணக்கு. அப்பாவின் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். அவர் காலமானபின் அம்மா அதை என்னிடம் தந்தார். நான் எத்தனையோ முறை அதைப் புரட்டி, கூட்டல்களைச் சரிபார்த்திருக்கிறேன். ஒரு பிழையும் இல்லை. அதற்குமேல் அதில் பார்க்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மகள் அந்தக் கொப்பியை எனக்குத் தெரியாமல் எடுத்து வைத்து வாசித்திருக்கிறாள். யன்னல் எண்ணிக்கையிலிருந்தும் ஓட்டுக் கணக்கிலிருந்தும் அறைகளின் அளவைக் கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறாள். தெரியாததை அப்பம்மாவிடம் கேட்டிருக்கிறாள். என் அம்மாவுக்கு எண்பத்துமூன்று வயது, எங்களோடுதான் இருக்கிறார். ஒரு மாதமாக இரண்டு பேரும் பின்னேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெரிய தாளில் வீட்டின் வரைபடம் இருந்தது. தலைவாசல், விறாந்தை, சாமியறை, குசினி, கிணற்றடி. வாசலில் அம்மாவின் பாட்டனார் காலத்துச் சங்கடப்படலை.

சங்கடப்படலை என்றால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. வாசல் படலைக்கு மேலே ஒரு சிறு கூரை, பக்கத்தில் இருக்க ஒரு திண்ணை. வீதியால் போகிறவர் வெயிலுக்கோ மழைக்கோ ஒதுங்கி இளைப்பாறிவிட்டுப் போகலாம், வீட்டுக்காரரைக் கேட்கத் தேவையில்லை. அதை உடைத்துவிட்டு இரும்புக் கேற் போடச் சொல்லிச் சொந்தக்காரர் சொன்னபோது அம்மா விடவில்லை. என் மகள் எழுதியிருந்த வசனத்தின் கருத்து இதுதான்: முன்பின் தெரியாதவருக்கு ஒரு இடம் வைத்துக் கட்டுகிற பழக்கம் எங்கள் ஊரில் இருந்தது, அதையே ஸ்காபரோ நகர மண்டபத்தில் கண்டேன், அதைச் செய்யப் படிக்க விரும்புகிறேன்.

நான் வரைபடத்தைப் பார்த்தேன். பார்த்தவுடன் என் வாயில் வந்தது, “கிணறு இந்தப் பக்கம் இல்லை” என்பதுதான்.

அம்மாவுக்குக் கோபம். “தம்பி, முப்பது வருசம் தண்ணி அள்ளினது நானோ நீயோ?” என்றார். நான் மேற்கு என்றேன், அவர் கிழக்கு என்றார். அரை மணித்தியாலம் வாக்குவாதம். வலிகாமம் வடக்கில் எங்கள் காணி விடுபட்டபோது, 2017 இல் நான் போய்ப் பார்த்தேன். வீடு இல்லை. பற்றை வளர்ந்திருந்தது. கிணறும் சிவப்புச் சீமெந்து நிலத்தில் ஒரு துண்டும் மிச்சம் இருந்தன. தொலைபேசியில் எடுத்த படங்களைத் தேடி எடுத்தேன். மகள் படத்தில் நிழல் விழுந்த பக்கத்தைப் பார்த்தாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டாள். பிறகு கொப்பியில் ஒரு வரியைக் காட்டினாள்: குசினி வாசலிலிருந்து கிணற்றடி வரை நடைபாதை, 14 அடி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி. கிணறு கிழக்கில்தான். இருபத்தொரு வயது வரை வாழ்ந்த வீட்டை நான் திசை மாறி ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் மறந்தால், அம்மாவும் போனால், அந்த வீடு எங்கே இருக்கும்? கொப்பியில் அதன் விலை இருந்தது, வீடும் இருந்தது. என் பிள்ளை அதை எடுத்துக்கொண்டாள். படிப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம், வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று நினைத்து வாழ்ந்தவன் நான். அப்பாவின் வீடு காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து ஸ்காபரோவுக்கு ஒரு கொப்பியில் வந்து சேர்ந்திருக்கிறது.

மே மாதத்தில் பதில்கள் வந்தன. ஒரு பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. ஒன்று இடம் தந்திருக்கிறது. செப்டெம்பரில் தொடங்குகிறாள்.

நேயர்களே, கணக்காளனாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நான் அன்று தாளில் போட்ட கணக்கு இன்றும் மாறவில்லை. வருடங்கள் அதே வருடங்கள். 93 வாரம் அதே 93 வாரம். கல்விச் சேமிப்பு நான்கு வருடத்துக்குத்தான் காணும், அதன்பிறகு ஓசாப் கடன் எடுக்கவேண்டி வரும். இதை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பிள்ளை இப்படி ஒரு படிப்பைக் கேட்டால் கணக்கைக் கட்டாயம் காட்டுங்கள். மறைக்க வேண்டாம். ஆனால் கணக்கைக் காட்டிவிட்டு, “ஏன் இதைப் படிக்க விரும்புகிறாய்” என்று ஒருமுறை கேளுங்கள். பல்கலைக்கழகம் கேட்ட அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. என் பயத்தை இலக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டு, புத்தி சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இந்தக் கிழமையே ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் இருங்கள். ஊரில் இருந்த வீட்டைக் கீறச் சொல்லுங்கள். வாசல் எந்தத் திசை, கிணறு எங்கே, மாமரம் எங்கே, எந்த யன்னலால் காற்று வரும், யார் எங்கே படுப்பார்கள் என்று கேளுங்கள். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வரும், வரட்டும். எங்கள் வீட்டில் வந்தது.

அடுத்த முறை ஸ்காபரோ நகர மண்டபத்துக்கு ஏதாவது அலுவலாகப் போனால், படிவத்தைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று மேலே பாருங்கள். முகாமில் மரத்தின்மேல் பரண் கட்டிய ஒரு பிள்ளை வளர்ந்து கட்டிய இடம் அது.

அம்மா இப்போது வரைபடத்தில் இன்னொரு பிழை கண்டுபிடித்திருக்கிறார். மாட்டுக்கொட்டில் விடுபட்டுப் போயிற்றாம். கொப்பியில் அதற்குக் கணக்கு இல்லை. அது கிடுகாலும் தடியாலும் அம்மாவின் அண்ணன்மார் கூலி வாங்காமல் கட்டியதாம். மகள் அதைத் தனிப் பென்சிலால் கீறிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த மாதம் வழக்கம்போல வரி விடயங்களோடு சந்திக்கிறேன்.